ஊசி இல்லாத தையல்

ஐம்பத்திரண்டு சீட்டு உள்ள ஒரு பேருந்தை இரண்டு நாள் அவரிடம் விட்டால் போதும். பழைய உறையைக் கிழித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றி, புது ரெக்சின் போட்டு, ஓரத்துக்குப் பைப்பிங் கொடுத்து, புதுமாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைப்பார். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் குஷன்காரர். அப்படிப்பட்ட கைகாரருக்குத் தன் ஏழு வயது மகளோடு ஒரு மணி நேரத்தைக் கழிக்கத் தெரியவில்லை.

மனைவி பிரிந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடி, அடிதடி என்று ஊர் சிரிக்கும்படி எதுவும் நடக்கவில்லை. மனிதருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், வாயைத் தைத்துக்கொள்வார். கடைக்குப் போவார், வருவார், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார், படுப்பார். பேச்சு மட்டும் இருக்காது. ஒரு தடவை அது பத்தொன்பது நாள் நீண்டுவிட்டது. அவள் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் குறித்து வைத்திருந்தாள். நீதிமன்றத்தில் அந்தக் கணக்கை வாசித்தபோது அவருக்கே மலைப்பாக இருந்தது. "இது உண்மையா?" என்று நீதிபதி கேட்டார். அதற்கும் அவர் வாயைத் திறக்காமல் தலையைத்தான் ஆட்டினார்.

குழந்தை அம்மாவிடம் இருக்கும். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அப்பா பார்த்துக்கொள்ளலாம். அதுவும் நீதிமன்றக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அதற்கென்றே ஒதுக்கிய அறையில். விவாகரத்தோடு வந்த உத்தரவு இதுதான்.

முன்பு கோப்புகள் அடுக்கியிருந்த அறை அது. அலமாரிகள் நின்ற இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரியும். ஒரு மேசை, இரண்டு பெரிய நாற்காலி, ஒரு சின்ன நாற்காலி. மூலையில் ஒரு காது போன கரடி பொம்மையும், எண்கள் தேய்ந்துபோன விளையாட்டுத் தொலைபேசியும். கதவுக்குப் பக்கத்தில் தனி மேசை போட்டுக்கொண்டு பொறுப்பாளர் அம்மா உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே ஒரு கடிகாரம். அது நாலு நிமிடம் முந்தி ஓடும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த அறையில் அந்தக் கடிகாரம் வைத்ததுதான் சட்டம்.

முதல் சனிக்கிழமை குழந்தையைக் கூட்டி வந்தது மச்சான், மனைவியின் தம்பி. நல்ல பையன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து இவரோடு சீட்டாடிவிட்டுப் போவான். இப்போது கண்ணைப் பார்க்காமல், "வந்துட்டோம் மச்சான்" என்று சொல்லிவிட்டு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டான்.

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கால் வைத்த இடத்தில் ஏதாவது ஒன்று உருண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்த வாலு அன்றைக்குச் சின்ன நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, விருந்தாளி வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"ஸ்கூல் எப்படி இருக்கு?"

"இருக்கு."

அவர் வாங்கி வந்திருந்த பெரிய பொம்மையின் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். "இது என்கிட்ட இருக்கு. நீல டிரஸ் போட்டது" என்று சொல்லி மரியாதையாக மேசையில் வைத்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது நிமிடம் போயிருக்கும். வாலு பொறுப்பாளர் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டாள்.

அன்று குஷன்காரர் மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

அடுத்த தடவையும் அதே கதைதான் ஆகியிருக்கும். வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது அதோடு ஒரு துணித்துண்டும் சட்டைப் பையிலிருந்து வந்து விழுந்தது. சாம்பல் நிற ஃபெல்ட். கம்பளி மாதிரி தடிமனாக, எங்கே வெட்டினாலும் நூல் பிரியாத துணி. காரின் தரைக்கு அடியில் விரிப்பதற்காகக் கடையில் சுருள் சுருளாகக் கிடக்கும். காலையில் வெட்டிய மிச்சம் எப்படியோ பைக்குள் போயிருந்தது.

வாலு அதை எடுத்துத் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் பள்ளமாக இருந்த துண்டு. மூக்குக்குக் கீழே வைத்து உதட்டைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். அச்சு அசல் மீசை.

"யாருடா இது, பஸ் முதலாளியா?" என்றார்.

வாலு சிரித்ததில் மீசை கீழே விழுந்தது. மறுபடி எடுத்து அப்பாவுக்கு வைத்தாள். பொறுப்பாளர் ஆன்ட்டிக்கு வைக்கலாமா என்று அப்பாவின் காதில் கேட்டாள். அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு மீதி நேரம் போனதே தெரியவில்லை. அதுவே புருவம் ஆயிற்று, படகு ஆயிற்று, வௌவால் ஆயிற்று. பன்னிரண்டு அடித்தபோது அவள் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான், மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கடையில் குப்பைக்குப் போகிற துண்டெல்லாம் திடீரென்று பொன்னாகத் தெரிந்தது. ஃபெல்ட்டில் நாலு நிறம், ரெக்சினில் ஆறு, சீட்டுத் துணியில் பூப்போட்டது, கோடு போட்டது. ஸ்பாஞ்சுத் துண்டுகள், பாட்டில் மூடிகள், பழைய சட்டைப் பொத்தான்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து, கூடவே கத்தரிக்கோல், ஊசி, நூல்கண்டு, பசை டப்பா என்று சகல சாமான்களோடு அடுத்த முறை மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

பொறுப்பாளர் அம்மா பையை மேசையில் கவிழ்த்தார். கத்தரிக்கோல் ஒரு பக்கம் போனது. ஊசி, பசை, எல்லாம் அதே பக்கம்.

"வாசல்ல போர்டு பார்த்தீங்க இல்ல? கூரா எதுவும் கூடாது. பசையும் கூடாது. வாசமே ஆளைத் தூக்குது."

"மேடம், நான் கையிலயே வெச்சிருக்கேன். குழந்தை கிட்ட குடுக்கமாட்டேன்."

"உங்களைச் சொல்லலை. போன வருஷம் ஒருத்தர் இந்த அறையிலதான் பிளேடை எடுத்தார். அப்ப வந்த சட்டம் இது. நான் என்ன செய்யறது சொல்லுங்க."

அவர் துண்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அப்பாவும் மகளும் மேசை மேல் துண்டுகளைப் பரப்பி ஒரு பூனை செய்தார்கள். சாம்பல் உடம்பு, சிவப்பு ரெக்சின் நாக்கு, பச்சை மூடிகள் இரண்டு கண்ணாக. வால் மட்டும் ஏழு துண்டு. மேசையின் ஓரம் வரை வளைந்து போனது. அழகான பூனை. ஆனால் எதுவும் எதோடும் ஒட்டியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆனதும் அடுத்த குடும்பம் வாசலில் வந்து நின்றது. அவர் மெதுவாக வாலிலிருந்து ஆரம்பித்துத் துண்டு துண்டாகப் பொறுக்கிப் பையில் போட்டார். கண்ணை எடுக்கும்போது வாலு, "வேணாம்பா, வேணாம்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மச்சான் வந்து தூக்கிக்கொண்டு போனான். படிக்கட்டு முழுக்க அந்த அழுகை கேட்டது.

ஊசி இல்லாமல் எப்படித் தைப்பது? இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பத்து நாள் அதே யோசனை. கடைசியில் வழி கிடைத்தது. எல்லாவற்றையும் கடையிலேயே வெட்டிக்கொள்வது. ஓரத்தில் விரற்கடைக்கு ஒன்றாக, ரெக்சினில் ஓட்டை போடுகிற பஞ்ச் கருவியால் வரிசையாக ஓட்டை போட்டுக்கொள்வது. நூலுக்குப் பதில் மெல்லிய நாடா; அதன் முனையில் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால் ஷூ லேஸ் முனை மாதிரி விறைப்பாக நிற்கும். ஊசியே வேண்டாம். பசையும் வேண்டாம். இந்த ஓட்டையில் விட்டு அந்த ஓட்டையில் இழுக்க வேண்டியதுதான்.

பொறுப்பாளர் அம்மா நாடா முனையைத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். கழுத்தில் சுற்றினால் எவ்வளவு நீளம் என்று அளந்தார். "இதுல பாதியா வெட்டிக் கொண்டாங்க" என்றார். வெட்டிக் கொண்டுவந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு எலி. காது இரண்டும் இரண்டு அளவு. அடுத்து, காலுறையில் துணிக் கிழிசல்களை அடைத்து ஒரு யானை. பாட்டிலின் அடிப்பாகத்தைச் சுற்றி ஃபெல்ட் உறை போட்டுப் பேனா வைக்கிற குடுவை. பழைய ஜீன்ஸ் பையில் மூடி வைத்துத் தைத்த சின்னப் பை. வாலுவுக்கு நாக்கை ஒரு ஓரமாக நீட்டிக்கொண்டுதான் நாடா கோர்க்க வரும். ஒரு ஓட்டையை விட்டுவிட்டால் திரும்பிப் போய்க் கோர்க்கமாட்டாள். அந்த இடம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவரும் சரி என்று விட்டுவிடுவார்.

கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொண்டாட்டம். பேருந்து எப்போது கிடைக்கும் என்று பார்க்க வந்த முதலாளி, இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வட்டத்துக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன குஷன்காரரே, இது எந்த சீட்டுக்கு?"

"சீட்டு இல்ல சார். காது."

"யாருக்கு?"

"யானைக்குத்தான்."

முதலாளி அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். இதை அவர் தன் ஆயுளில் முதல் தடவையாக அந்த அறையில்தான் கண்டுபிடித்தார். வாலு தலையைத் தூக்காமல் பேசுவாள். வகுப்பில் யார் யாருக்குப் பல் விழுந்தது, எந்த டீச்சர் யாரைப் பார்த்தால் குரலை மாற்றுவார், எல்லாம் வரும். இவரும் பேசினார். பேருந்து சீட்டுக்கு அடியில் கிடைத்த பொருள்களைப் பற்றிச் சொன்னார். ஒரு தடவை பல்செட் கிடைத்த கதையை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இந்தப் பேச்சில் கால்வாசி அவளுடைய அம்மாவிடம் பேசியிருந்தால் என்று ஒரு நினைப்பு குறுக்கே வரும். வந்தால் நாடாவை எடுத்து முனையைத் திருகிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவள் ஆமையின் ஓட்டுக்கு நாடா கோர்த்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிள் வந்தா அம்மா சிரிக்கிறாங்கப்பா."

"எந்த அங்கிள்?"

"ஆபீஸ் அங்கிள். அம்மாவோட ஆபீஸ். அப்பா, இந்த ஓட்டை சின்னதா இருக்கு."

அவர் ஆமையை வாங்கி அந்த ஓட்டையை விரலால் நெம்பினார். வெகுநேரம் நெம்பினார்.

அன்று அவளை வழியனுப்ப வாசல் வரை வந்தபோதுதான் மச்சானின் காரைக் கவனித்தார். பின்கண்ணாடிக்குக் கீழே எலி, யானை, பேனாக் குடுவை, பை, எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இதுவரை செய்தது ஒன்று விடாமல் அங்கே இருந்தது. வெயிலில் யானையின் ஒரு பக்கம் வெளுத்துப்போயிருந்தது. அப்படியென்றால் ஒன்றுகூட வீட்டுப் படி ஏறவில்லை.

அவருக்குச் சுருக்கென்றது. மச்சானைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா உள்ள விடலையா?"

"ஐயோ, அப்படி இல்ல மச்சான்."

"பின்ன?"

மச்சான் கார் சாவியை உருட்டிக்கொண்டே நின்றான். "முதல்ல வீட்டுக்குத்தான் கொண்டு போனோம். எலியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படுத்தா. படுத்தா தூங்கலை மச்சான். அப்பா எங்க, அப்பா எப்ப வருவார்னு ஒரே அழுகை. மறுநாளும் அதே. மூணாவது நாள் அக்காவும் உக்காந்து அழுதுது. அதான், கார்லயே இருக்கட்டும், ஸ்கூல் போகும்போது பார்த்துக்கட்டும்னு..."

அவருக்கு இதில் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிள்ளை தன்னை நினைத்து அழுகிறாள் என்பதில் நெஞ்சு ஒரு நிமிடம் நிறைந்தது. நிறைந்ததற்காகவே உடனே வெட்கமாகவும் இருந்தது. இனி செய்து கொடுக்கவா, வேண்டாமா என்று யாரிடம் கேட்பது? செய்யாமல் போனால் அந்த ஒரு மணி நேரமும் பழையபடி பொம்மையைப் பார்த்துக்கொண்டு போகும். செய்தால் அது கார்க் கண்ணாடியில் வெளுக்கும். "சரி, கண்ணாடில ஒரு துணியாவது போட்டு வை. நிறம் போகுது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் கூப்பிட்டுவிட்டார். வாலுவின் அம்மாவுக்கும் அந்த அலுவலக மனிதருக்கும் திருமணம் முடிந்திருந்தது. அவருக்கு வேறு நாட்டில் வேலை மாற்றம். குழந்தையையும் கூட்டிப் போக அனுமதி கேட்டு மனு போட்டிருந்தார்கள்.

"எதிர்த்து நிக்கலாம்" என்றார் வக்கீல். "ஆனா அவங்க நல்ல ஸ்கூல், நல்ல வீடு, காப்பீடு, எல்லாத்துக்கும் காகிதம் வெச்சிருக்காங்க. நாம என்னத்தைக் காட்டறது?"

யானையைக் காட்டலாமா என்று அவருக்கு வாய் வரை வந்தது.

ஒரு மனது எதிர்க்கத்தான் சொன்னது. அதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்தது. வாலு மூச்சு விடாமல் ஓடிவந்து, "அப்பா, புது ஸ்கூல்ல நீச்சல் குளம் இருக்கு! உள்ளேயே இருக்கு! மழை பெஞ்சாலும் நீந்தலாம்!" என்றாள். போட்டோவில் பார்த்தாளாம். அங்கே தனக்கென்று தனி அறையாம். பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்தி, "நீயும் வாயேன்ப்பா. அங்கேயும் பஸ் ஓடும் இல்ல? அதுக்கும் சீட்டு தைக்கணும் இல்ல?" என்றாள்.

"தைக்கணும்தான்."

"அப்ப வா."

அவர் பொறுப்பாளர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஏதோ பதிவேட்டில் மும்முரமாக இருப்பது போல் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் வீடியோவில் பேசலாம் என்று நீதிபதி எழுதினார். வருடத்துக்கு ஒரு முறை குழந்தையை அழைத்து வர வேண்டும் என்றும் எழுதினார்.

கடைசிச் சனிக்கிழமைக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். வாலு பேருந்து கேட்டாள். உள்ளே சீட்டெல்லாம் இருக்க வேண்டும். பன்னிரண்டு சீட்டு, அப்புறம் டிரைவர் சீட்டு. அவர் ஒரு ஷூ பெட்டியை எடுத்து ஜன்னல் வெட்டி, வெளியே சுற்ற நீல ஃபெல்ட், சக்கரத்துக்கு மூடிகள், கட்டை விரல் அளவில் ஸ்பாஞ்சு, அதற்கேற்ற உறை என்று பதின்மூன்று சீட்டுக்கும் வெட்டி ஓட்டை போட்டுக்கொண்டார். வாழ்நாளில் எந்தப் பேருந்துக்கும் அப்படி அளவெடுத்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையா அது? அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கொண்டுவந்தார். நீல உறையை மாட்டுவதற்கே பாதி நேரம் போயிற்று. வாலு வழக்கம்போல நாக்கை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகக் கோர்த்தாள். அவர் நாடா முனையை எடுத்து எடுத்துக் கொடுத்தார். சீக்கிரம் கோர்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எட்டாவது சீட்டின்போது பன்னிரண்டு அடித்தது.

"இன்னும் பத்து நிமிஷம் எடுத்துக்கங்க" என்றார் பொறுப்பாளர் அம்மா. அந்த அறையில் யாருக்கும் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வாசலில் பலூனோடு ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் முடிந்தது. ஒன்பது சீட்டு ஆகியிருந்தது. மிச்சம் மூன்று சீட்டையும், டிரைவர் சீட்டையும், நாடாக்களையும் ஒரு பையில் போட்டுப் பேருந்துக்குள்ளேயே வைத்தார்.

"வீடியோல சேர்ந்து முடிக்கலாம்டா."

"அப்பா, அங்க ஞாயித்துக்கிழமை உண்டு இல்ல?"

"உண்டு. எல்லா ஊர்லயும் உண்டு."

மச்சான் அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் கையில் பேருந்து. படியில் திரும்பும்போது பேருந்தின் பின்பக்கம்தான் கடைசியாகத் தெரிந்தது.

முதல் இரண்டு ஞாயிறு அழைப்பு வரவில்லை. வீடு மாறுகிறார்கள் என்று மச்சான் செய்தி அனுப்பினான். மூன்றாவது ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கடையை உள்பக்கமாகத் தாழிட்டு, ஃபெல்ட் சுருளின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் காலை வெளிச்சம். வாலுவுக்கு முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். நீச்சலுக்காம்.

ஊர்க்கதை ஐந்து நிமிடம். அப்புறம் அவளே பேருந்தை எடுத்து வந்தாள். இரண்டு சக்கரம் காணோம், விமானத்தில் விழுந்திருக்கும். பத்தாவது சீட்டை எடுத்தாள்.

"கீழ இருந்து மேல விடு."

"எது கீழ?"

"பெட்டிக்கு வெளிப்பக்கம் இருந்து. வலது பக்க ஓட்டை."

படம் ஒரு கணம் உறைந்தது. மறுபடி ஓடியபோது அவள் இடப்பக்கத்தில் கோர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அது இல்லடா. இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதற்கு எதிரே இருந்த கையைத் தூக்கினாள். குரல் போய்ச் சேர்வதற்குள் அவள் அடுத்த ஓட்டையில் விட்டிருந்தாள். நாடா ஒன்றோடொன்று பின்னி, சீட்டு தலைகீழாகத் தொங்கியது. "இழுக்காதே, இழுக்காதே" என்று அவர் சொன்னது அங்கே கேட்கும்போது அவள் இழுத்து முடித்திருந்தாள். முடிச்சு இறுகிவிட்டது. நகத்தால் பிராண்டினாள். பல்லால் கடித்தாள். கண் கலங்கிவிட்டது.

அவர் கை தன்னால் நீண்டு போனின் கண்ணாடியைத் தொட்டது. தொட்டதும் படம் பெரிதாகிக் கலங்கியது. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. ஆண் கை. மோதிரம் போட்ட, சுத்தமான கை. அது பேருந்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பியது. முடிச்சைக் கசக்கித் தளர்த்தி, ஒரு பென்சில் முனையை உள்ளே விட்டு நெம்பியது. அவசரப்படவில்லை. முடிச்சு அவிழ்ந்தது.

"இப்ப எந்த ஓட்டை?" என்று ஒரு குரல் கேட்டது. தன்னைத்தான் கேட்கிறார் என்று புரிய குஷன்காரருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"வெளில இருந்து உள்ள சார். ரெண்டாவது. ஆமா. அதே. இப்ப குழந்தை கிட்ட குடுங்க, அவ இழுக்கட்டும்."

வாலு இழுத்தாள். சீட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. "அம்மா! பத்து!" என்று கத்திக்கொண்டு பேருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போன் சரிந்து மல்லாந்தது. அதற்கப்புறம் குஷன்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கூரைதான். தூரத்தில் எங்கேயோ இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. அதில் பெரியவளின் சிரிப்பு அவருக்குப் பழக்கமானது. கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூரை ஆடியது. ஒரு முகம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட, தூக்கம் சரியாகக் கலையாத சாதாரண முகம்.

"நீங்க இன்னும் லைன்ல இருக்கீங்களா? மன்னிச்சுக்கங்க, அவ கீழ ஓடிட்டா. கூப்பிடட்டுமா?"

"வேணாம் சார். விளையாடட்டும்."

அந்த மனிதர் போனை வைத்துவிடுவார் என்று இவர் நினைத்தார். அவர் வைக்கவில்லை.

"வாரத்துல மத்த நாள்லயும் இதை எடுத்துட்டு வந்து என்கிட்ட நிக்கிறா. எனக்கு அந்த முடிச்சு போட வரலை. போட்டா அவுந்துடுது. ஒரு தடவை காட்டறீங்களா?"

குஷன்காரர் உடனே பதில் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் பேசாமல் இருந்தவருக்கு இங்கே பத்து விநாடி பேசாமல் இருப்பது பெரிய காரியமா என்ன? அந்த மனிதர் காத்திருந்தார்.

"நாடா எடுத்துட்டு வாங்க" என்றார் கடைசியில்.

தானும் கீழே கிடந்த ஒரு ஃபெல்ட் துண்டை எடுத்து, போனுக்கு முன்னால் பிடித்து, மெதுவாகக் கோர்த்துக் காட்டினார். அந்த மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்தார். வரவில்லை. மறுபடி காட்டினார். அப்போதும் வரவில்லை.

"நீங்க இடது கைக்காரரா சார்?"

"ஆமாங்க."

"அதான். அப்ப எல்லாத்தையும் மாத்திப் போடணும். இருங்க."

அவர் நாடாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கை இதற்கு முன் ஒரு முடிச்சுப் போட்டதில்லை. முனை ஓட்டையில் நுழையாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நாக்கு தன்னால் உதட்டோரம் வந்து நின்றது. "ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.